அலுமினியம் இல்லாத ‘நேச்சுரல்’ டியோ: டப்பாவில் போட்டிருப்பது நடக்கிறதா?

வள்ளி_குரோம்பேட்டை

வணக்கம். கொஞ்சம் கூச்சமான விஷயம்தான், ஆனால் வீட்டிலோ ஆபீசிலோ கேட்க முடியவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன்.

ஒன்பது வருடமாக ஒரே ரோல்-ஆன்தான் போட்டு வந்தேன். காலை வண்டியில் குரோம்பேட்டையில் ஏறினால் பூங்கா நிலையம் வரை மேல் பிடியைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். கையைத் தூக்கியபடி, பக்கத்தில் இருப்பவரின் முகத்துக்கு நேராக. அந்த ரோல்-ஆன் இருந்தவரை எனக்கு அதில் பயம் இருந்ததில்லை. வெள்ளைச் சுடிதாரில் அக்குள் பக்கம் மஞ்சள் கறை ஏறும், அது ஒன்றுதான் குறை.

சித்திரையில் என் நாத்தனாருக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தது. அந்த வாரமே குடும்ப வாட்ஸாப்பில் ‘அக்குளில் பூசும் அலுமினியம்தான் மார்பகப் புற்றுக்குக் காரணம்’ என்று ஒரு செய்தி சுற்றியது. பயத்தில் ரோல்-ஆனைக் குப்பையில் போட்டேன். ஆன்லைனில் 649 ரூபாய்க்கு ஒரு ஸ்டிக் வாங்கினேன். அலுமினியம் இல்லை, பாரபென் (கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் பொருள்) இல்லை, 24 மணி நேரப் பாதுகாப்பு, உடம்பின் நச்சை வெளியேற விடும் என்றெல்லாம் டப்பா முழுக்க எழுதியிருந்தது.

முதல் வாரம் பதினோரு மணி வரை தாங்கியது. இரண்டாவது வாரம் மேல் ரேக்கிலிருந்து ஃபைல் எடுக்கக் கையை நீட்டினேன், எனக்கே அடித்தது. கற்றாழை நாற்றம். அதற்குப் பிறகு அன்று முழுக்கக் கையை உடம்போடு ஒட்டிக்கொண்டே வேலை பார்த்தேன். கத்திரி வெயில் தொடங்கிய அன்று கைப்பைக்குள் மூடியைத் திறந்தால் ஸ்டிக் இல்லை, எண்ணெய் மேலே மிதக்கிறது, வெள்ளை மாவு அடியில் படிந்து கிடக்கிறது. மூன்றாவது வாரம் அக்குள் சிவந்து, குளிக்கும்போது தண்ணீர் பட்டாலே எரிந்தது. இப்போது அந்த இடம் கறுத்துவிட்டது.

கம்பெனிக்கு எழுதினேன். ‘இது டீடாக்ஸ் கட்டம், நான்கு வாரம் பொறுங்கள்’ என்று பதில் வந்தது. நிஜமாகவே அப்படி ஒன்று உண்டா? பழைய ரோல்-ஆனுக்கே திரும்பினால் ஆபத்தா?


குன்னூர்_குமரன்

எனக்கு இந்த வகை ஸ்டிக் இரண்டு வருடமாக நன்றாகவே ஒத்துப்போகிறது. வெட்டிவேர் வாசனை போட்டது. காலையில் பூசினால் மாலை வரை கவலை இல்லை. ஆனால் எங்கள் ஊரில் மே மாதத்திலும் காலையில் ஸ்வெட்டர் வேண்டியிருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். தங்கை கல்யாணத்துக்கு நான்கு நாள் சென்னை வந்திருந்தேன், முதல் நாள் நண்பகலுக்குள் அதன் வேலை முடிந்துவிட்டது. பொருள் அதேதான், மாறியது ஊர் மட்டும்.


மருந்துக்கடை_மணி

வள்ளி அம்மா, நான் திருச்சியில் 22 வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இந்தக் கேள்வியை வாரத்துக்கு ஒருவராவது மெதுவான குரலில் கேட்கிறார்கள். முதலில் சொல்கிறேன், உங்கள் உடம்பில் எந்தக் கோளாறும் இல்லை. நீங்கள் போட்டு வந்ததும் இப்போது வாங்கியதும் இரண்டு வெவ்வேறு சாமான்கள். டப்பாவைப் பார்த்தால் ஒன்று போலத்தான் இருக்கும்.

உங்கள் பழைய ரோல்-ஆன் வியர்வையையே குறைக்கிற வகை, ஆன்டிபெர்ஸ்பிரன்ட். அதில் அலுமினியம் குளோரோஹைட்ரேட் மாதிரி ஒரு உப்பு இருக்கும். அது வியர்வையோடு கலந்து, வியர்வைக் குழாயின் வாயில் கூழ் போல ஒரு சிறு அடைப்பைப் போடும். தோல் உரிய உரிய அந்த அடைப்பும் சில நாளில் போய்விடும். டியோடரண்ட் என்பது வேறு. அது வியர்வையைத் தொடாது. நாற்றத்தை அடக்கும், இல்லாவிட்டால் வாசனையால் மூடும். அலுமினியம் இல்லாத எந்த நேச்சுரல் ஸ்டிக்கும் இந்த இரண்டாவது வகைதான். வியர்வையை நிறுத்தும் என்று அதனிடம் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

அமெரிக்காவில் இந்த இரண்டுக்கும் சட்டமே வேறு. ஆன்டிபெர்ஸ்பிரன்ட் அங்கே மருந்துக் கணக்கில் வரும், டியோடரண்ட் வெறும் அழகுசாதனம். 2003இல் அவர்களுடைய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. போட்ட விதிப்படி, சோதனையில் பாதிப் பேருக்காவது வியர்வை 20 சதவீதம் குறைந்தால்தான் ஆன்டிபெர்ஸ்பிரன்ட் என்று விற்கலாம். ‘எக்ஸ்ட்ரா’ என்று போட 30 சதவீதம். இதையும் கவனியுங்கள்: அலுமினியம் போட்டதுகூட வியர்வையை முழுக்க நிறுத்துவதில்லை. டியோடரண்டுக்கு அந்த மாதிரி அளவுகோலே கிடையாது. ‘நேச்சுரல்’ என்ற சொல்லுக்கும் அழகுசாதனத்தில் எஃப்.டி.ஏ. விளக்கம் எதுவும் வகுக்கவில்லை. யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று நம்ம ஊர் விஷயம், இது எனக்கு ரொம்ப நாளாக மனதில் உறுத்துகிறது. நம் கடைகளில் தொங்கும் பாடி ஸ்பிரேக்களில் பெரும்பாலானவை ஆல்கஹாலும் வாசனையும்தான், சிலதில் கேஸ். அவற்றில் அலுமினியம் முதலிலிருந்தே இல்லை. இப்போது அதே மாதிரி சரக்கின் மேல் ‘அலுமினியம் ஃப்ரீ’ என்று ஒட்டி இருநூறு ரூபாய் கூடுதலாக வாங்குகிறார்கள். என் கடைக்கு வருகிறவர்களிடம் டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படிக்கச் சொல்கிறேன். அலுமினியம் என்று தொடங்கும் பெயர் இருந்தால் வியர்வை குறைப்பது. இல்லாவிட்டால் வாசனை.

எரிச்சல் இருக்கும்வரை எதையும் பூசாதீர்கள். வெறும் தண்ணீர், மென்மையான சோப்பு போதும். கறுப்பு போகக் கொஞ்சம் நாளாகும். இரண்டு வாரத்தில் எரிச்சல் அடங்காவிட்டால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.


சோப்புக்காரி_பொள்ளாச்சி

மணி அண்ணா சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் எங்கள் பக்கமும் கொஞ்சம் கேளுங்கள். நான் வீட்டிலேயே சோப்பும் டியோ ஸ்டிக்கும் செய்து சந்தையில் விற்கிறேன். நேச்சுரல் என்றாலே ஏமாற்று என்று போய்விட வேண்டாம்.

வியர்வைக்குத் தனியாக நாற்றம் கிடையாது. அக்குளிலும் தொடை இடுக்கிலும் பருவ வயதில் வேலை தொடங்கும் ஒரு வகைச் சுரப்பி இருக்கிறது. அதிலிருந்து வருவதைத் தோலில் வாழும் பாக்டீரியா தின்று உடைக்கும்போதுதான் நாற்றம் பிறக்கிறது. இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் யூனிலீவரோடு சேர்ந்து செய்த ஆராய்ச்சியில், ஸ்டாஃபிலோகாக்கஸ் ஹோமினிஸ் என்ற பாக்டீரியாவிடம் இருக்கும் ஒரு நொதிதான் அந்தக் காட்டமான கந்தக வாடைக்குக் காரணம் என்று 2020இல் காட்டினார்கள். அப்படியென்றால் வியர்வையை நிறுத்தாமலே நாற்றத்தைக் குறைக்க வழி இருக்கிறது. நல்ல நேச்சுரல் டியோ அந்த வேலையைச் செய்யும்.

வள்ளி அக்காவுக்கு நடந்தது என்ன என்று என்னால் ஏறக்குறையச் சொல்ல முடியும். அந்த ஸ்டிக்கில் பெரும்பாலும் தேங்காய் எண்ணெய், ஷியா வெண்ணெய், கூவைக்கிழங்கு மாவு, சமையல் சோடா. வெளிநாட்டு வீடியோக்களில் வரும் அளவு அப்படியே இதுதான். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியில் உருகும். சென்னைக் கோடையில் ராத்திரியில்கூட அதற்கு உறையும் வாய்ப்பு இல்லை, கைப்பைக்குள் எப்படி நிற்கும்? நான் முதல் தடவை செய்த முப்பது ஸ்டிக்கும் பொள்ளாச்சிச் சந்தையில் பதினொரு மணிக்குள் குழம்பாகிவிட்டன. ஒரு பாட்டி விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு ‘இது தலைக்குத் தேய்க்கவா கண்ணு?’ என்று கேட்டார். அப்புறம் தேன்மெழுகைக் கூட்டிக் கூட்டிப் போட்டுப் பார்த்துதான் நிற்க வைத்தேன்.

எரிச்சலுக்குக் காரணம் சமையல் சோடா. நம் தோல் இலேசான அமிலத் தன்மை உள்ளது, பி.எச். (அமில, கார அளவு) 5ஐ ஒட்டி இருக்கும். சோடா 8.3, அதாவது காரம். தினமும் தேய்த்தால், அதுவும் ரோமம் மழித்த தோலில், இரண்டு மூன்று வாரத்தில் சிலருக்கு இப்படித்தான் புண்ணாகும். நாற்றத்தை அடக்குவதில் சோடா கெட்டிக்காரப் பொருள், அதை மறுக்கவில்லை. ஆனால் நான் அதை விட்டுவிட்டு மெக்னீசியம் ஹைட்ராக்சைடும் ஜிங்க் ஆக்சைடும் போடுகிறேன்.

‘24 மணி நேரம்’ என்று நான் எழுதுவதில்லை. என் வீட்டுக்காரர் தென்னந்தோப்பில் வேலை செய்கிறவர், அவர் மேல்தான் சோதனை. ஆறு மணி நேரம் நிற்கும். மதியம் துடைத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். இதைச் சொல்லியே விற்கிறேன்.


மதுரை_மாமா

இத்தனை பேச்சு எதற்கு? நம் முன்னோர் பயன்படுத்திய படிகாரக் கல் இருக்கிறதே. சலூனில் சவரம் முடிந்ததும் தேய்ப்பார்களே, அதுதான். குளித்துவிட்டு ஈர அக்குளில் நான்கு தடவை தேய்த்தால் போதும். பத்து ரூபாய்க் கல் ஒரு வருடம் வரும். நான் முப்பது வருடமாகத் தேய்க்கிறேன், ஒரு நாற்றம் கிடையாது. கெமிக்கல் இல்லை, அலுமினியம் இல்லை.


வேதியியல்_வாத்தியார்

//கெமிக்கல் இல்லை, அலுமினியம் இல்லை//

மாமா, கல் நல்ல கல்தான், உங்களுக்கு ஒத்துப்போவதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதில் அலுமினியம் இருக்கிறது. படிகாரம் என்பது பொட்டாசியம் அலுமினியம் சல்பேட். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடமே இரட்டை உப்பு என்று சொல்லிக் கொடுக்கிறேன். அலுமினியம் என்ற பெயரே படிகாரத்தின் லத்தீன் பெயரான ‘அலுமென்’ என்பதிலிருந்துதான் வந்தது.

இது ஏன் எனக்கு முக்கியமாகப் படுகிறது என்றால், வெளிநாட்டிலும் இங்கேயும் இதே கல்லைப் பளபளப்பாக உருட்டி ‘கிரிஸ்டல் டியோடரண்ட்’ என்று விற்கிறார்கள். சிலர் ‘அலுமினியம் குளோரோஹைட்ரேட் இல்லை’ என்று எழுதுகிறார்கள். அந்த வாக்கியத்தில் பொய் இல்லை. ஆனால் படிக்கிறவர் மனதில் அலுமினியமே இல்லை என்றுதான் பதியும். அலுமினியத்துக்குப் பயந்து ரோல்-ஆனை விட்டவர் அதைவிட அதிக விலை கொடுத்து அலுமினிய உப்பையே வாங்கிப் போகிறார். பயத்தைக் கிளப்பிவிட்டு இப்படி விற்பது சரியில்லை. பின்பக்கம் ‘பொட்டாசியம் ஆலம்’ அல்லது ‘அமோனியம் ஆலம்’ என்று இருந்தால் அது படிகாரம்தான்.

படிகாரம் தோலைச் சுருக்கும், கிருமியை அடக்கும், அதனால்தான் சலூனில் வெட்டுக்காயத்துக்குத் தேய்க்கிறார்கள். ரோல்-ஆன் அளவுக்கு வியர்வைக் குழாயை அடைக்காது. சரி, பத்து ரூபாய்க்கு இவ்வளவு செய்கிறதென்றால் அது நல்ல பேரம்தான்.


மதுரை_மாமா

வாத்தியார் ஐயா, இது எனக்குப் புதுசு. இத்தனை வருடம் தெரியாமல் தேய்த்திருக்கிறேன். அப்படியானால் நிறுத்த வேண்டுமா? எனக்கு வயது 63.


செவிலி_சரஸ்

மாமா, சிறுநீரகம் நன்றாக இருந்தால் நிறுத்த வேண்டாம். நான் புற்றுநோய்ப் பிரிவில் 17 வருடமாக வேலை செய்கிறேன். வள்ளி கேட்டதற்கும் சேர்த்தே சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வாட்ஸாப் செய்தி பழசு. 1990களிலேயே மின்னஞ்சலில் சுற்றியது: வியர்வை வழியாகத்தான் நச்சு வெளியேறுகிறது, அக்குளை அடைத்தால் அது நிணநீர் முடிச்சில் தேங்கிப் புற்றாகிறது என்று. உடம்பின் கழிவை வெளியேற்றுவது முக்கியமாகக் கல்லீரலும் சிறுநீரகமும். வியர்வை உடம்பைக் குளிர்விக்கத்தான் இருக்கிறது. நிணநீர் முடிச்சுக்கும் வியர்வைக் குழாய்க்கும் இணைப்பே இல்லை.

இதை நேரடியாகவே சோதித்தார்கள். அமெரிக்காவின் சியாட்டிலில் மார்பகப் புற்று வந்த 813 பெண்களையும் வராத 793 பெண்களையும் ஒப்பிட்டு 2002இல் வெளியிட்டார்கள். ஆன்டிபெர்ஸ்பிரன்ட், டியோடரண்ட், மழித்தவுடன் பூசுவது என்று எல்லாவற்றையும் கேட்டார்கள். எதற்கும் தொடர்பு தெரியவில்லை. 2004இல் இங்கிலாந்தில் 20 மார்பகக் கட்டிகளில் பாரபென் இருக்கிறதா என்று பார்த்து, இருக்கிறது என்று ஓர் ஆய்வு வந்தது. அந்த பாரபென் எங்கிருந்து வந்தது, நலமான மார்பிலும் இருக்குமா என்று அதில் பார்க்கவில்லை. செய்தித்தாள்கள் அந்தப் பகுதியை எழுதவில்லை, பயம் மட்டும் பரவியது. அக்குளை ஒட்டிய மேல் பகுதியில்தான் புற்று அதிகம் வருகிறது என்பார்கள். அது உண்மை, ஏனென்றால் சுரப்புத் திசு அங்கேதான் அதிகம் இருக்கிறது.

தோல் வழியாக எவ்வளவு உள்ளே போகிறது? 2001இல் இரண்டு பேர் மேல் அடையாளமிட்ட அலுமினியம் பூசி அளந்தார்கள், பூசியதில் 0.012 சதவீதம். இரண்டே பேர் என்பதால் அதை மட்டும் வைத்துப் பேசக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவியல் குழு இன்னும் நல்ல தரவுகளைப் பார்த்து, ரோல்-ஆன், ஸ்டிக் வகைகளில் 6.25 சதவீதம் வரை அலுமினியம் பாதுகாப்பானதே என்று 2020இல் சொன்னது.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. உடம்புக்குள் போன அலுமினியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம். 1970களில் டயாலிசிஸ் தண்ணீரில் இருந்த அலுமினியத்தால் நோயாளிகளுக்கு மூளை பாதித்தது, அதிலிருந்துதான் இந்த எச்சரிக்கையெல்லாம் வந்தது. அமெரிக்க டப்பாக்களில் ‘சிறுநீரக நோய் இருந்தால் மருத்துவரைக் கேளுங்கள்’ என்று அச்சடித்தே தருகிறார்கள். இங்கேயும் அப்படிப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே பூச வேண்டும்.

மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கப் போகும் அன்று மட்டும் அக்குளில் எதுவும் பூசாமல் வாருங்கள். உலோகத் துகள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளி மாதிரி தெரியும், அதைப் பார்த்து வீணாகப் பயப்பட நேரும். மறந்துவிட்டால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு எடுப்போம்.

வள்ளி, உங்கள் நாத்தனாரிடம் ஒன்று சொல்லுங்கள். என் வார்டில் எத்தனையோ பெண்கள் ‘நான் சென்ட் போட்டதாலா சிஸ்டர், நான் உள்பாடி இறுக்கமாகப் போட்டதாலா’ என்று கேட்டு அழுதிருக்கிறார்கள். அதனாலெல்லாம் வந்ததில்லை. அந்தக் குற்ற உணர்ச்சியை அவர் சுமக்க வேண்டாம். நீங்களும் வீட்டுப் பெண்களும் கட்டி தட்டுப்படுகிறதா என்று பாருங்கள், தட்டுப்பட்டால் அடுத்த நாளே வாருங்கள். கட்டியைத் தெரிந்தும் ஆறு மாதம் கழித்து வருகிறார்கள், அதுதான் எங்களுக்கு வயிற்றெரிச்சல்.


செல்வன்_ஸ்காபரோ

சரஸ் அக்கா எழுதினதை என்ர அம்மாவுக்கும் அனுப்பியிருக்கிறேன், நன்றி.

நான் யாழ்ப்பாணம், இப்ப டொராண்டோவில் ஒரு களஞ்சியத்தில் வேலை. இங்கே இந்த நேச்சுரல் ஸ்டிக் வகைகள் அலுமாரி நிறைய இருக்கும், ஒன்று பதினைந்து டொலர் மட்டில். சின்னச் சின்னக் குடிசைத்தொழில் பொருள் போலப் பெட்டி இருக்கும். ஆனால் நேட்டிவ் என்ற பிராண்டை 2017இல் புராக்டர் அண்ட் கேம்பிள் 10 கோடி டொலருக்கு வாங்கிவிட்டது. ஷ்மிட்ஸை அதே ஆண்டு யூனிலீவர் வாங்கியது. டாம்ஸ் ஆஃப் மெய்ன் 2006இலேயே கோல்கேட்டிடம் போய்விட்டது. அலுமினியம் போட்டதையும் போடாததையும் ஒரே ஆட்கள்தான் விற்கிறார்கள். வாங்கினது பிழை என்று சொல்லவரவில்லை. ஆனால் ‘பெரிய கம்பெனிகள் எங்களை விஷம் பூச வைக்கின்றன’ என்று நினைத்து இதை வாங்குகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

குளிரில் நல்லாய் வேலை செய்யும் என்று குன்னூர் அண்ணா சொன்னார். எனக்கு நேர்மாறு. தடித்த ஜாக்கெட்டுக்குள் வியர்த்து, அது காயாமல் கிடக்கும். மாசி மாதத்தில்தான் எனக்கு நாற்றம் கூட.


வள்ளி_குரோம்பேட்டை

சரஸ் அக்கா, நாத்தனாரிடம் படித்துக் காட்டினேன். அவர் அந்தக் கேள்வியை யாரிடமும் சொல்லாமல் மனதுக்குள்ளேயே வைத்திருந்தாராம். ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அடுத்த மாதம் எனக்கும் பரிசோதனைக்குப் பேர் கொடுத்திருக்கிறோம்.

அந்த நான்கு வார டீடாக்ஸ் பற்றி யாராவது சொல்லுங்களேன். நிறுத்திய பிறகு நாற்றம் முன்னைவிடக் கூடியது என்பது என் அனுபவம், கற்பனை இல்லை.


வேதியியல்_வாத்தியார்

கற்பனை இல்லை அம்மா. அதற்குப் போட்ட பெயர்தான் தவறு.

2016இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் 17 பேரை வைத்து அக்குள் பாக்டீரியாவை நாள்தோறும் எடுத்துப் பார்த்தார்கள். ஆன்டிபெர்ஸ்பிரன்ட் போடுகிறவர்களுக்குப் பாக்டீரியா குறைவாக இருந்தது. பூசுவதை நிறுத்தியதும் பெருகத் தொடங்கி, ஆறாவது நாளில் எதுவும் போடாதவர்கள் அளவுக்கு வந்துவிட்டது. ஆனால் அதே வகைகள் வரவில்லை. எதுவும் போடாமலே இருந்தவர்களிடம் கோரினிபாக்டீரியா அதிகம், நிறுத்தியவர்களிடம் ஸ்டாஃபிலோகாக்கஸ் வகை அதிகம்.

ஆக, அடைப்பு நீங்கி வியர்வை பழையபடி வருகிறது, பாக்டீரியாவும் திரும்புகிறது. முன்பு அடங்கியிருந்ததால் இப்போது கூடியதாகத் தெரிகிறது. வெளியேற வேண்டிய நச்சு என்று ஏதும் அதில் இல்லை. ‘டீடாக்ஸ், பொறுங்கள்’ என்ற பதிலில் எனக்குக் கோபம் வருவது எங்கே என்றால், உங்களுக்கு வந்தது தோல் அழற்சி. அதற்கு நிறுத்துங்கள் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். தொடர்ந்து பூசச் சொல்லிவிட்டார்கள். நான்கு வாரம் போனால் ஸ்டிக்கைத் திருப்பித் தரும் காலக்கெடுவும் முடிந்திருக்கும்.


டெலிவரி_முத்து

நானும் சொல்லலாமா? சாப்பாடு டெலிவரி, வேளச்சேரி, தரமணி பக்கம். காலை பத்திலிருந்து ராத்திரி பதினொன்று வரை வண்டியில். கம்பெனி கொடுத்த டி-சர்ட் பாலியஸ்டர். துவைத்து மொட்டை மாடியில் காயப்போட்டு, மடிக்கும்போது வாசமாகத்தான் இருக்கும். போட்டு அரை மணி நேரத்தில் பழைய நாற்றம் எழுந்துவிடும். லிஃப்டில் யாராவது கூட ஏறினால் மூலையில் சுவரைப் பார்த்து நிற்பேன். ஒரு குழந்தை மூக்கைப் பொத்தியது, அதன் அம்மா வெட்கப்பட்டுக் கையை இறக்கிவிட்டார். அன்றைக்கு ரொம்ப வலித்தது.

சொந்தப் பருத்திச் சட்டை போட்ட நாட்களில் இந்தத் தொல்லை இல்லை. இது எனக்கு மட்டுமா?


சோப்புக்காரி_பொள்ளாச்சி

உங்களுக்கு மட்டும் இல்லை முத்து தம்பி. பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தில் 2014இல் இதையே பார்த்தார்கள். 26 பேர் சைக்கிள் மிதித்து வியர்த்த சட்டைகளை ஒரு நாள் வைத்திருந்து மோந்து பார்த்தபோது பாலியஸ்டர்தான் அதிகம் நாறியது. மைக்ரோகாக்கஸ் என்ற பாக்டீரியா அதில் நன்றாக வளர்கிறது. உங்கள் உடம்பில் குறை இல்லை, துணியில்தான் இருக்கிறது.

துவைக்கும்முன் அக்குள் பகுதியை மட்டும் அரை மணி நேரம் வினிகர் கலந்த தண்ணீரில் ஊறப் போடுங்கள், அப்புறம் சோப்புப் போட்டு உட்பக்கத்தை வெளியே திருப்பி வெயிலில் காயவிடுங்கள். உள்ளே ஒரு மெல்லிய பருத்திப் பனியன் போட்டுக்கொள்ளுங்கள். வெக்கையில் இன்னொரு துணியா என்று தோன்றும், ஆனால் அது வியர்வையை வாங்கிக்கொள்ளும். இரண்டு பனியன் வைத்து மதியம் மாற்ற முடிந்தால் எந்த டியோவையும்விட அது கேட்கும்.


மருந்துக்கடை_மணி

முத்து, அந்த வேலை நேரத்துக்கு நேச்சுரல் ஸ்டிக் உங்களைக் காப்பாற்றாது, காசை வீணாக்காதீர்கள். ஆன்டிபெர்ஸ்பிரன்ட் ரோல்-ஆன் ஒன்று வாங்கி ராத்திரி படுக்கும்முன், அக்குளைக் கழுவி நன்றாகத் துடைத்துக் காய்ந்த பிறகு பூசுங்கள். இதைப் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். காலையில் குளித்த ஈரத்தோடு பூசிக்கொண்டு வெயிலில் இறங்கினால், உப்பு குழாயில் படிவதற்கு முன்பே வியர்வை அதை அடித்துக்கொண்டு போய்விடும். ராத்திரியில் வியர்வை குறைவு, அடைப்பு நன்றாகப் படியும், காலையில் குளித்தாலும் போகாது. மழித்த அன்று மட்டும் பூச வேண்டாம், எரியும்.

அதையும் மீறி சட்டை சொட்டச் சொட்ட நனைந்தால் அது அதிவியர்வை என்ற தனி நோயாக இருக்கலாம். 20 சதவீத அலுமினியம் குளோரைடு கரைசல் இருக்கிறது, அதையும் மிஞ்சினால் போடாக்ஸ் ஊசி வரை இருக்கிறது. தோல் மருத்துவரிடம் கூச்சப்படாமல் போகலாம்.


இரண்டுபிள்ளை_அப்பா

என் 13 வயது மகனுக்கு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. மாமியார் எலுமிச்சம் பழத்தை வெட்டி அக்குளில் தேய்க்கச் சொல்கிறார். இயற்கையானதுதானே, செய்யலாமா?


செவிலி_சரஸ்

எலுமிச்சை வேண்டாம். சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் தீக்காயம் மாதிரி கொப்புளம் வந்து மாதக் கணக்கில் கறுப்பாக நிற்கும். ஸ்லீவ்லெஸ் பனியனில் கிரிக்கெட் ஆடப் போகும் பிள்ளைக்குக் கட்டாயம் கூடாது. எல்லா இயற்கையும் தோலுக்கு நண்பன் இல்லை. பையனுக்கு இப்போது தினம் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவுவதும் ரோமத்தை ஒட்ட வெட்டுவதுமே பாதி வேலையை முடித்துவிடும். பள்ளிச் சட்டையைத் தினமும் மாற்றச் சொல்லுங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் சோடா இல்லாத ஒரு டியோ.

இன்னொன்று: காதுக் குறும்பி உலர்ந்து செதிலாக வருகிறவர்களுக்கு அக்குள் நாற்றம் ரொம்பக் குறைவாக இருக்கும். இரண்டும் ஒரே மரபணு. ஜப்பான், கொரியா, சீனா பக்கம் இது அதிகம். ஆனால் 2013இல் வந்த ஒரு பிரிட்டன் ஆய்வில், அந்த மரபணு உள்ள பெண்களிலும் நான்கில் மூன்று பேர் தேவையே இல்லாமல் டியோ போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் போடுகிறார்கள் என்று நாமும் போடுகிறோம். பிள்ளைக்கு நாற்றமே இல்லாவிட்டால் எதுவும் வேண்டாம்.


வள்ளி_குரோம்பேட்டை

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னியுங்கள்.

மணி ஐயா சொன்னபடி இரண்டு வாரம் எதுவும் பூசவில்லை. எரிச்சல் பத்து நாளில் போய்விட்டது, கறுப்பு இன்னும் இருக்கிறது, கொஞ்சம் வெளுத்திருக்கிறது. அந்த இரண்டு வாரமும் ஒரு சின்னத் துண்டு எடுத்துப்போய், ஆபீஸ் பாத்ரூமில் மதியம் கழுவித் துடைத்துக்கொண்டேன். வெறும் தண்ணீருக்கு இவ்வளவு பலன் இருக்கும் என்று நினைக்கவில்லை.

இப்போது வாரநாளில் ரோல்-ஆன், ராத்திரியில் மட்டும். பழைய பயம் போய்விட்டது. சனி, ஞாயிறு வீட்டில் இருக்கும்போது பொள்ளாச்சித் தங்கையின் சோடா இல்லாத ஸ்டிக், கேட்டு வாங்கினேன். மதியத்துக்கு மேல் நிற்கவில்லை, அவரும் அப்படித்தான் சொல்லியிருந்தார், அதனால் ஏமாற்றம் இல்லை. காலையில் பூசுவதை விட்டதில் வெள்ளைச் சுடிதாரில் மஞ்சள் ஏறுவதும் குறைந்த மாதிரி தெரிகிறது. இன்னும் இரண்டு மாதம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

முத்து தம்பி, பனியன் மாற்றிப் பார்த்தீர்களா?


டெலிவரி_முத்து

பார்த்தேன் அக்கா. நான்கு பனியன் வாங்கியிருக்கிறேன், மதியம் மூன்று மணிக்குப் பெட்ரோல் பங்க் பாத்ரூமில் மாற்றுகிறேன். நேற்று லிஃப்டில் ஒரு வீட்டுக்காரருடன் ஒன்பதாவது மாடி வரை போனேன். அவர் என்னைப் பார்த்து ‘வெளியே ரொம்ப வெயிலா?’ என்று கேட்டார். நானும் திரும்பி நின்று பேசிக்கொண்டே போனேன்.